உலகத் தொழில் வலைப்பின்னலும் நாட்டின் வளர்ச்சியும்: திருப்பூரை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகத் தொழில் வலைப்பின்னல் என்று எதைச் சொல்கிறோம்? ஏற்றுமதி என்ற பழைய சொல் போதாதா?

போதாது. கையில் மிளகு இருக்கிறது, அதைக் கப்பலேற்றி விற்கிறோம் என்றால் அது ஏற்றுமதி. திருப்பூரில் தைக்கும் டி-ஷர்ட் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. அதன் வடிவம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு நிறுவனத்தின் அறையில் முடிவாகிறது. பஞ்சு குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வருகிறது. நூல் கோவை, திண்டுக்கல் வட்டாரத்து மில்களில் ஓடுகிறது. பின்னும் எந்திரம் ஜெர்மனியிலோ தைவானிலோ செய்தது. லேபிளை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று பையரே, அதாவது ஆர்டர் தரும் வெளிநாட்டு வாங்குநரே, எழுதிக் கொடுத்துவிடுகிறார். சரக்குப் பெட்டி தூத்துக்குடியில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறி, அப்புறம்தான் மேற்கே போகிறது.

இத்தனை கைகளும் ஒரே ஆர்டருக்காக இணைந்திருக்கின்றன, ஆனால் முடிவெடுக்கும் உரிமை எல்லாக் கைகளுக்கும் ஒரே அளவில் இல்லை. அதனால்தான் இதை வலைப்பின்னல் என்கிறோம். கார், விமானம் போன்றவற்றில் தயாரிப்பாளரே தலைமை நிறுவனம். ஆடையில் அப்படியில்லை. தையல் எந்திரம் ஒன்றுகூட வைத்திராத கடைத்தொடர்தான் தலைமை. எவ்வளவு, என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் அது சொல்கிறது.

திருப்பூர் இதற்குள் எப்படி வந்தது?

உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1978-இல் இத்தாலியைச் சேர்ந்த வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்தார். 1981-இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. 1985-இல் ஏற்றுமதி ஏறக்குறைய 15 கோடி ரூபாய். 1990-இல் அது 300 கோடியைத் தொட்டது, அதே ஆண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் உருவானது. 2024-25-இல் சுமார் 40,000 கோடி. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது. நேரடியாக வேலை செய்வோர் சுமார் 6 லட்சம் பேர் என்று தொழில் அமைப்புகள் கணக்குச் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டு நிறுவனம் எதுவும் இங்கே வந்து தொழிற்சாலை கட்டவில்லை. வந்தது ஆர்டர் மட்டுமே. கம்பெனிகளைக் கட்டியவர்கள் வறண்ட கொங்கு நிலத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் முதலில் இதே பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். முதல் போட்டவரும் எந்திரத்தின் குணம் அறிந்தவரும் ஊர்க்காரராகவே இருந்ததால், ஒரு பையர் போனாலும் தொழில் போகவில்லை. இந்த வேறுபாடு கீழே நோக்கியா பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

ஒரு டி-ஷர்ட் விலையில் ஊரில் எவ்வளவு தங்குகிறது? கணக்காகக் காட்ட முடியுமா?

முடியும். நூல் விலையும், பின்னல், சாயம் போன்றவற்றைப் பிறருக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க்கின் கூலியும் மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே கீழுள்ள ரூபாய்களைக் கணக்குப் போடும் முறைக்கான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கான எம் சைஸ் டி-ஷர்ட், 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்பு தையலுக்கு 10, ஆக 104. அரை மார்பு 53, அதோடு 3 சேர்த்து 56, முன்னும் பின்னும் என்பதால் இரட்டித்தால் 112. 104-ஐ 112-ஆல் பெருக்கினால் 11,648 சதுர செ.மீ., அதாவது 1.165 சதுர மீட்டர். அதை 160-ஆல் பெருக்க 186 கிராம். கட்டிங்கில் போகும் வெட்டுத்துணிக்கு 10% சேர்த்தால் 205 கிராம். நிட்டிங் (பின்னல்), சாயம், காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சுருக்கத்தை நிலைப்படுத்துவது) மூன்றிலும் போகும் இழப்பையும் பார்த்தால் நூல் 216 கிராம் வேண்டும்.

நூல் கிலோ 240 ரூபாய் என்றால் ஒரு பீசுக்கு 52 ரூபாய். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் மூன்றும் சேர்ந்து 24. இதுவரை துணி 76 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் 36. லேபிள், டேக், பாலிபேக், அட்டைப்பெட்டி 9. தூத்துக்குடி வரை லாரி, ஆவணச் செலவு 4. கூட்டினால் 125. ரிஜெக்ஷனுக்கு 3% என்று 4 ரூபாய், நிர்வாகமும் வட்டியும் 11. அடக்கவிலை 140. அதன்மேல் 8% லாபம் 11 ரூபாய். கப்பலேறும் விலை 151 ரூபாய், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 1.78 டாலர்.

கடையில் இது நான்கைந்து மடங்குக்கு விற்கும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. நடுவில் உள்ள தொகை முழுதும் பையரின் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. கப்பல் கட்டணம், இறக்குமதி வரி, கிடங்கு, நகர நடுவில் கடை வாடகை, கடைசியில் தள்ளுபடியில் தள்ளும் சரக்கின் நட்டம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆனாலும் பிராண்டின் பெயருக்குக் கிடைக்கும் பங்கு எப்போதும் அந்தப் பக்கமே நிற்கிறது.

இங்கே தங்குவது எவ்வளவு? 151 ரூபாயில் சாய ரசாயனம், உதிரிப் பாகம், சில டிரிம்ஸ் (லேபிள், பட்டன் போன்ற துணைப் பொருள்கள்) ஆகியவற்றுக்கான இறக்குமதிச் செலவைக் கழித்தால், மீதியில் பெரும்பங்கு நாட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. பஞ்சு விவசாயி, மில், நிட்டிங்காரர், சாயப்பட்டறை, டெய்லர், லாரிக்காரர் என்று அது பிரிகிறது. பஞ்சிலிருந்து பெட்டி வரை உள்நாட்டிலேயே நடப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய பலம்.

அப்படியென்றால் ஏற்றுமதித் தொகை உயர்ந்தாலே நாடு வளர்கிறது என்று சொல்லலாமா?

கூடாது. தொகையைவிட, அதில் உள்நாட்டில் கூடிய மதிப்பு எவ்வளவு என்பதே பார்க்க வேண்டியது. இதற்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு 2009-ஆம் ஆண்டின் ஐபோன் 3ஜி. அதன் தயாரிப்புச் செலவு 178.96 டாலர். சீனாவில் பாகங்களை இணைத்து அதைக் கோத்ததற்கு நின்றது 6.50 டாலர். ஆனால் சுங்கக் கணக்கில் முழுத் தொகையும் சீன ஏற்றுமதி என்றே பதிவானது.

பிற்காலத்தில் சீனா அந்த 6.50 டாலரோடு நிற்கவில்லை. உதிரிப் பாகங்கள் பலவற்றைத் தானே செய்யத் தொடங்கியது. தொடக்கத்தில் பங்கு குறைவு என்பது குற்றமல்ல. பத்தாண்டு கழித்தும் அதே பங்கில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். தமிழ்நாட்டில் இன்று கோக்கும் போன்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஆர்டர் எடுத்ததிலிருந்து கப்பலேறும் வரை என்ன நடக்கிறது? எங்கே சறுக்கும்?

பையர் அல்லது அவருக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் பையிங் ஹவுஸ், அளவுகளும் தையல் விவரமும் அடங்கிய டெக் பேக் அனுப்பும். கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் விலை போடுவார். அளவு பொருந்துகிறதா என்று பார்க்க ஃபிட் சாம்பிள், நிறத்துக்கு லேப் டிப் என்ற சாயமேற்றிய துணித்துண்டு, எல்லா அளவுகளுக்கும் சைஸ் செட், கடைசியாக உற்பத்திக்கு முந்தைய மாதிரியான பி.பி. சாம்பிள் என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வர வேண்டும். அதற்குப் பிறகே மொத்தக் கட்டிங். மொத்தம் 90 முதல் 120 நாள்.

நாள்கள் எங்கே கரைகின்றன என்று பாருங்கள். லேப் டிப் இரண்டு முறை திரும்பி வந்தால் பத்து நாள் போய்விடும். பையர் தரப்பில் பிரிண்ட்டை மாற்றுவார்கள், ஆனால் ஷிப்மெண்ட் தேதியை மாற்ற மாட்டார்கள். தொலைந்த நாள் அத்தனையும் கடைசியில் தையலின் தலையில் விழும்.

துணியின் எடை அடுத்த இடறு கல். 160 ஜி.எஸ்.எம். கேட்ட இடத்தில் காம்பாக்டிங் முடிந்து 170 வந்தால், பொதுவாக 5% வரை ஏற்கப்படும் என்பதால் அது எல்லையைத் தாண்டிய துணி. பையர் கெஞ்சலுக்கு இணங்கி ஏற்றாலும், மேலே சொன்ன 205 கிராம் 218 ஆகிவிடும். 13 கிராம் துணி ஏறக்குறைய 5 ரூபாய். லாபமே 11 ரூபாய்தான். இதைத் தடுக்க வழி எளிது: நிட்டிங்கில் லூப் (பின்னல் கண்ணி) நீளத்தை முதல் ரோலிலேயே அளந்து பார்ப்பது, அந்த ஒரு ரோலைச் சாயமேற்றி, காம்பாக்டிங் செய்து, துவைத்து, சுருக்கமும் எடையும் பார்த்த பிறகே மீதியை ஓட்டுவது. அவசரத்தில் இந்த ஒரு படியைத்தான் முதலில் விடுகிறார்கள்.

கடைசிச் சோதனை, எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பதைச் சொல்லும் ஏ.க்யூ.எல். 2.5 என்ற அளவில் நடக்கும். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள ஆர்டரில் 200 பீசை எடுத்துப் பார்ப்பார்கள். 10 குறை வரை தேறும், 11 என்றால் முழு லாட்டும் திரும்பும். திரும்பியதை மறுபடி செக்கிங் செய்து அனுப்பக் கப்பல் தவறும். அப்போது விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பார் பையர். பேக்கிங்கோடு ஒரு பீஸ் 190 கிராம், விமானக் கட்டணம் கிலோவுக்கு 250 ரூபாய் என்றால் பீசுக்கு 47 ரூபாய். 11 ரூபாய் லாபத்துக்கு 47 ரூபாய் செலவு. அதையும் விட்டால் ஆர்டர் ரத்து, சரக்கு திருப்பூரின் மலிவு ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் ஸ்டாக் லாட்டாக (மிஞ்சிய சரக்காக) கிலோ கணக்கில் போகும். நல்ல துணியில் நல்ல தையலோடு உள்ள சட்டை அங்கே அந்த விலைக்குக் கிடைப்பதன் பின்னால் இப்படி ஒரு கம்பெனியின் நட்டம் இருக்கலாம்.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் ஐரோப்பியப் பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. யாரும் தவறு செய்யாமலே பணம் வரும் தேதி தள்ளிப்போனது.

ஜாப் ஒர்க் செய்வோருக்குப் பணம் ஏன் எப்போதும் தாமதம்?

பையர் 60 முதல் 120 நாள் கடனில் வாங்குகிறார். அந்தக் கடனை ஏற்றுமதியாளர் வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடன் எடுத்தும், நிட்டிங், பிரிண்டிங், பவர்டேபிள்காரர்களுக்குப் பில்லை இழுத்தடித்தும் சுமக்கிறார். பத்து எந்திரம் போட்டுத் தைக்கும் பவர்டேபிள்காரருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. அவர் வெளிவட்டிக்கு வாங்கி சனிக்கிழமை சம்பளம் போடுகிறார். ஐரோப்பியக் கடைத்தொடரின் நடைமுறை மூலதனத்துக்கு வட்டி கட்டுபவர் கடைசியில் அவர்தான்.

2024 ஏப்ரல் முதல் 1961 வருமானவரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு இதில் கை வைத்தது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டின் கணக்கில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். நல்ல நோக்கம். ஆனால் பையர் 90 நாளில் தருவதும் இங்கே 45 நாளில் கொடுப்பதும் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை ஏற்றுமதியாளர்கள் அன்றே கேட்டார்கள், அதில் நியாயம் உண்டு. இந்தியச் சட்டம் பையரின் கடன் காலத்தைத் தொடாது. ஜாப் ஒர்க் செய்பவர்கள் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவை எடுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும். பதிவு இல்லாவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கோர வழியில்லை.

திருப்பூரின் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

நீண்ட காலம் அது எந்தக் கணக்கிலும் சேரவில்லை, அதுதான் பிழை.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 60 முதல் 80 கிராம். சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயநீர் என்று வைத்தால் 360 முதல் 480 கிராம் உப்பு. நம் 205 கிராம் டி-ஷர்ட்டுக்கு 75 முதல் 100 கிராம். உப்பு துணியில் தங்காது, சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு முழுதும் கழிவுநீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. லட்சக்கணக்கான சட்டைகளின் உப்பு பல ஆண்டுகள் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறு உவர்த்தது, மண் கெட்டது. அந்த நட்டம் எந்த பையரின் விலைப்பட்டியலிலும் இல்லை. டி-ஷர்ட் மலிவாக இருந்ததற்கு அவர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமலே.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம், கழிவு வெளியேற்றமே இல்லாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயமேற வெளி மாநிலங்களுக்கு லாரியில் போனது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது.

இன்றைய முறை இப்படி: உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்.ஓ. சவ்வு. அதில் 85 முதல் 90% நீர் நல்ல நீராகத் திரும்பும். மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து, உப்பைப் படிகமாக்கி மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். செலவில் பெரும்பகுதி இந்தக் கொதிக்க வைப்பதில்தான் போகிறது. நீரில் கடினத்தன்மை கூடினால் சவ்வு அடைத்துக்கொள்ளும். சாய நிறம் முழுதாக நீங்காவிட்டால் திரும்ப எடுத்த உப்பு வெளிர் நிறத்துக்கு உதவாது. பல வகை உப்பு கலந்த கடைசிக் கசடு இன்னும் மூட்டைகளில் அடுக்கிக் கிடக்கிறது.

இந்தச் செலவு இல்லாத ஊர்களோடு திருப்பூர் விலையில் போட்டியிட வேண்டும். நீரைச் சுத்தம் செய்ததற்காக விலையில் கூடுதல் தருகிறோம் என்று சொல்லும் பையர்கள் மிகக் குறைவு. வலைப்பின்னல் தானாக ஆற்றைக் காக்காது. இங்கே காத்தது நீதிமன்றமும் அதன் படியேறிய விவசாயிகளும்.

தொழிலாளிக்கு இதில் என்ன?

வேலை உண்டு, அதுவும் பெண்களுக்கு வெளியே வந்து சம்பாதிக்கும் வேலை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் வரை இதன் சம்பளம் போய்ச் சேர்கிறது. ஆனால் இந்த ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்ற சொல் இத்தனை இயல்பாகிப்போனதற்கு மேலே சொன்ன தேதிக் கணக்கே காரணம். கட்டிங் ஒரு வாரம் தாமதமானால் டெய்லரும் அவருக்கு உதவும் கைமடியும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

பையர்கள் ஆடிட் வைக்கிறார்கள். ஆடிட்காரர் பார்ப்பது கம்பெனியின் பதிவேட்டை. அந்தக் கூடுதல் நேரத்துக்குக் காரணமான பையரின் கடைசி நிமிட மாற்றம் அந்தப் பதிவேட்டில் இருக்காது. ஆடிட் கீழ்ப்படிகளை எட்டுவதும் அரிது. நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்துக் கடைசியில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம் வெளிச்சத்துக்கு வந்தது தொழிலாளர் அமைப்புகளின் உழைப்பால்.

வங்கதேசம் எப்படி முந்திக்கொண்டது?

கூலி குறைவு என்ற ஒரே பதிலில் நிறுத்திவிடுகிறார்கள். 1979-இல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற நிறுவனம் 130 பேரைக் கொரியாவின் டேவூ தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்களில் 115 பேர் சில ஆண்டுகளில் வெளியேறிச் சொந்தத் தொழிலோ வேறு கம்பெனியோ போனார்கள். அனுப்பியவருக்கு நட்டம், நாட்டுக்கு ஒரு தொழிலே கிடைத்தது. அரசு இரண்டு கதவுகளைத் திறந்தது. பையர் தன் வங்கி மூலம் தரும் எல்.சி. என்ற பண உறுதிக் கடிதத்தை அடமானமாகக் காட்டி, கைப்பணம் இல்லாமலே துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறக்கலாம். வரி கட்டாமல் துணியைக் கிடங்கில் வைத்துத் தைத்து அனுப்பலாம்.

மூன்றாவது, நாட்டுக்கு நாடு ஏற்றுமதி அளவை வரையறுத்த 1974-இன் பல்லிழை ஒப்பந்தம். கோட்டா தீர்ந்த நாடுகளிடமிருந்து ஆர்டர் கோட்டா இல்லாத வங்கதேசம் நோக்கி நகர்ந்தது. 2004 முடிவில் கோட்டா போனபோது அந்த நாடு விழுந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், விழவில்லை. ஐரோப்பாவில் டி-ஷர்ட்டுக்குப் பொதுவான வரி 12%, மிகக் குறைந்த வளர்ச்சி நாடு என்ற சலுகையால் வங்கதேசத்துக்குச் சுழியம். நம் 1.78 டாலர் சட்டையில் 12% என்பது 21 செண்ட், திருப்பூர்க் கம்பெனியின் லாபமான 11 ரூபாயைவிடக் கூடுதல். போட்டி எங்கே தோற்கிறது என்பது இந்த ஒரு வரியில் தெரியும்.

அதன் விலையும் சிறிதல்ல. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே கட்டடப் பாதுகாப்புக்கு பிராண்டுகள் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது.

இலங்கை?

சிறிய நாடு, விலையில் போட்டியிட முடியாது என்று உணர்ந்து உள்ளாடை, விளையாட்டு ஆடை என்று நுட்பம் கூடிய பக்கம் போனது. 1992-இல் பிரேமதாச அரசு 200 தொழிற்சாலைத் திட்டத்தால் தையலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 2010 ஆகஸ்டில் ஐரோப்பா மனித உரிமைக் காரணம் காட்டி ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தி, 2017 மேயில் திருப்பித் தந்தது. துணியில் பெரும்பங்கை இறக்குமதி செய்வதுதான் அதன் பலவீனம்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் பாடம் என்ன?

2006-இல் உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பரில் நின்றது. ஸ்மார்ட்போன் அலையில் நோக்கியா பின்தங்கியது, வரி வழக்கு வந்தது, மைக்ரோசாஃப்ட் அதன் கைபேசிப் பிரிவை வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இருபதுகளின் நடுவில் வேலை இழந்தார்கள். சுற்றியிருந்த உதிரிப்பாக நிறுவனங்களும் வெளிநாட்டவை, அவையும் பெரும்பாலும் நோக்கியாவையே நம்பியிருந்தன. தலை போனதும் உடல் நின்றது.

ஆனாலும் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டோம். அதே வளாகத்தில் இருந்த, சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் 2019-இல் அந்த ஆலையை எடுத்துக்கொள்ள முன்வந்தது. அந்த வட்டாரத்தில் பின்னாளில் ஃபாக்ஸ்கான் பெரிதாகப் போன் கோக்க முடிந்ததற்கு, இணைப்பு வேலைக்குப் பழகிய கைகளும் சாலையும் விடுதியும் மின்சாரமும் ஏற்கெனவே இருந்தது உதவியது. நடுவில் அந்தப் பெண்களுக்குப் போன ஆண்டுகளை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

2025-இன் அமெரிக்க வரி என்ன காட்டியது?

அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு எப்போதும் உள்ள வரி 16.5%. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருளுக்குக் கூடுதல் 50% ஏறியதும் அது 66.5% ஆனது. நம் சட்டைக்கு 29 செண்டாக இருந்த வரி 1.18 டாலராக உயர்ந்தது. 13 செண்ட் லாபத்தில் இதைத் தாங்கச் சொல்வது பேச்சுக்குக்கூடப் பொருந்தாது. அப்போது திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது, அதை மட்டுமே நம்பிய கம்பெனிகள் ஒரே மாதத்தில் தவித்தன. ஐரோப்பா, பிரிட்டன், உள்நாடு என்று பிரித்து வைத்திருந்தவை தாக்குப்பிடித்தன. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் ஒப்பந்தம் இந்திய ஆடைக்கான வரியை நீக்குவதாக அமைந்தது. ஒரு பையருக்கு 30%-க்கு மேல் ஆர்டர் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. சிறிய கம்பெனிக்கு இது கடினம் என்று தெரிந்தே சொல்கிறோம்.

மேல்படிக்கு ஏற என்ன வழி?

பையர் வடிவம் தர, தைத்து மட்டும் கொடுப்பது முதல் படி. துணியைத் தானே தேர்ந்து, தானே டிசைன் காட்டி விற்பது அடுத்தது. சொந்த பிராண்ட் மூன்றாவது. இரண்டாம் படிக்கு பையர் கதவைத் திறப்பார், அவர் வேலை குறைகிறது. மூன்றாவதில் நீங்கள் அவருக்கே போட்டியாளர், கதவு சாத்தப்படும். ஆகவே சொந்த பிராண்டை உள்நாட்டுச் சந்தையில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

இன்னொரு வழி இழையில் இருக்கிறது. உலகில் ஆடைக்குப் பயன்படும் இழையில் பெரும்பங்கு செயற்கை இழை, திருப்பூரோ பெரும்பாலும் பருத்தியிலேயே நிற்கிறது. பாலியஸ்டர் விளையாட்டு ஆடைக்குப் போக வேண்டுமானால் 130 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு சாயமேற்றும் எந்திரமும், பாலியஸ்டர் இழையை நன்கு அறிந்த டெக்னீஷியனும் வேண்டும். எந்திரத்தைக் கடனில் வாங்கிவிடலாம். ஆளைத் தயாராக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும், அதைத் திட்டத்தில் எழுதாமல் எந்திரம் இறக்கியவர்கள் சிரமப்படுகிறார்கள்.

நம் ஊருக்கு ஒரு பெரிய நிறுவனம் வருகிறது என்றால், புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலீட்டுத் தொகையும் வேலை எண்ணிக்கையும் தலைப்புச் செய்தியில் வந்துவிடும். அதற்குள் போய்ச் சிலவற்றைத் தேடுங்கள். வேலைகளில் நேரடி நியமனம் எத்தனை, ஒப்பந்தக்காரர் வழி எத்தனை? ஐந்தாவது ஆண்டில் உள்ளூரில் வாங்கும் பாகத்தின் பங்கு எவ்வளவு என்று எண் இருக்கிறதா, அதில் உள்ளூர் என்பது உள்ளூர் முதலாளியா, கூடவே வரும் வெளிநாட்டு நிறுவனமா? மானியம் முதலீட்டைக் காட்டியதும் கிடைக்கிறதா, ஆண்டுதோறும் நிபந்தனை நிறைவேறிய பிறகு கிடைக்கிறதா? ஆலை பத்தாண்டுக்குள் மூடினால் நிலமும் சலுகையும் திரும்புமா, தொழிலாளிக்குச் சட்டம் சொல்லும் குறைந்த அளவுக்கு மேல் என்ன? நீர் எங்கிருந்து, கழிவு எங்கே?

பக்கத்தில் உள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பாடத்தில் இந்தத் தொழிலுக்கான எந்திரம் வைத்துச் சொல்லித்தரும் ஏற்பாடு உண்டா என்பதையும் கேளுங்கள். தேஷ் கார்மெண்ட்சிலிருந்து வெளியேறிய 115 பேரைப் போல, பத்து ஆண்டு கழித்து அந்த ஆலையிலிருந்து வெளியே வந்து பக்கத்துத் தெருவில் சொந்த ஷெட் போடுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது இந்த ஏற்பாட்டைப் பொறுத்தே இருக்கிறது.